அலங்காரக் கடைக்குப் போகாமல் வீட்டை அலங்கரித்தல்: புறக்கோட்டை பற்றிய ஒரு மதிப்பீடு

வீட்டு அலங்காரத்துக்கென்றே நடத்தப்படும் கடைகளின் படியேறாமல் ஒரு வாடகை வீட்டைக் கண்ணுக்கு நிறைவாக ஆக்கிவிடலாம் என்பதும், அதற்குக் கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெருக்களை விஞ்சிய இடம் வேறில்லை என்பதும் என் முடிவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதே புறக்கோட்டையில் ‘அலங்காரப் பொருள்’ என்ற பெயரோடு கண்ணாடி அலுமாரிக்குள் மின்னுகின்றவற்றில் பெரும்பாலானவை காசுக்குக் கேடு. உடுக்கவும் விளக்கேற்றவும் பிட்டு அவிக்கவும் விற்கப்படுகின்ற சாதாரணப் பொருள்களில்தான் அழகும் மலிவும் ஒருங்கே கிடைக்கின்றன. எந்தத் தெருவில் எதை வாங்கலாம், எதைக் கண்டும் காணாமல் கடந்து போகலாம் என்பதைச் சொல்வதே இங்கு என் நோக்கம்.

என் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி ஒன்றில் இருக்கிறது. சிறியதொரு வரவேற்பறையும், ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்தால் மற்றவர் நிற்கவேண்டிய அளவிலான பல்கனியும் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கதிரை, மேசை, அலுமாரி ஆகியவை ஏற்கெனவே இருந்தன. மீதி எல்லாவற்றுக்குமாக ஒதுக்க முடிந்த தொகை 25,000 ரூபா. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் அலங்காரச் சாமான்களைப் பொறுத்தவரை இந்தத் தொகையால் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. நல்ல மேசை விளக்கு ஒன்றும் சட்டமிட்ட கண்ணாடி ஒன்றும் வாங்கினாலே பணம் தீர்ந்துவிடும். ஆகவே உள்ளூரில் நெய்ததும், வனைந்ததும், பின்னியதுமே கைகொடுக்கும் என்ற எண்ணத்தோடுதான் நான் தொடங்கினேன்.

துணியிலிருந்து ஆரம்பிப்பதே முறை. ஓர் அறையில் சுவருக்கு அடுத்தபடியாக அதிக இடத்தைப் பிடிப்பது திரைச்சீலை. சுவரில் கை வைக்க முடியாதவர்களுக்கு அறையின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரே கருவியும் அதுதான். புறக்கோட்டையில் துணிக்கு 2ஆம் குறுக்குத் தெருவுக்குப் போகவேண்டும். 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், ஊரார் சொல்லும் சிவப்புப் பள்ளிவாசல், நிற்கும் தெரு அது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் அந்தக் கட்டடத்தைப் பத்து நிமிடம் நின்று பார்ப்பது எந்த அலங்காரப் புத்தகத்தையும்விடப் பயனுள்ளது என்பேன். இரண்டே நிறங்களைத் திரும்பத் திரும்பக் கையாண்டு தெருவையே தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான், நிறங்களை இரண்டோடு நிறுத்திக்கொண்டால் மலிவான பொருளும் தெரிந்து எடுத்த பொருளாகத் தோன்றும். நான் காவி நிறத்தையும் வெளுப்பாக்காத பருத்தியின் நிறத்தையும் எடுத்துக்கொண்டேன்.

இங்குள்ள துணிக்கடைகள் இரண்டு வகையானவை. ஒன்று, பெரிய சுருள்களாக அடுக்கி, மீற்றர் கணக்கில் வெட்டித் தருபவை. மற்றது, ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணியை ‘கட்பீஸ்’ என்று குவித்து விற்பவை. அலங்காரத்துக்கு இரண்டாவது வகையே சிறந்தது, பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். நிறம் மாறாத ஒரே துணியில் பத்து மீற்றர் தேவைப்படுபவர் அங்கே ஏமாறுவார். குஷன் உறையும் மேசை விரிப்பும் தைக்க விரும்புபவருக்கு அங்கேதான் தடித்த லினனும் கனத்த பருத்தியும் பாதி விலைக்கு அகப்படும். திரைச்சீலைக்கான கனமான பருத்தித் துணியை மீற்றர் 600 ரூபாவுக்கு வாங்கினேன். அதே தரத்திலுள்ள துணிக்குக் குளிரூட்டிய கடைகளில் கேட்ட விலை அதன் இரு மடங்குக்கும் மேல்.

துணியை வாங்குமுன் செய்துபார்க்க வேண்டிய சோதனைகள் எளியவை. சுருளிலிருந்து ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். இழைகளுக்கிடையே எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி கொழும்பின் மாலை வெயிலுக்கு ஈடுகொடுக்காது. நனைத்த கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்தால் சாயம் நிற்குமா நிற்காதா என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். கடைக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. விலை பேசுவதும் அங்கே மரியாதைக் குறைவல்ல.

“கடைசி விலை சொல்லுங்க நானா.”

“ஒரு துணிக்கு இதுதான் கடைசி. ரெண்டு எடுத்தா குறைச்சித் தாரேன் தங்கச்சி.”

இரண்டு நிறங்கள் என்ற முடிவோடு போனவருக்கு அந்தப் பதில் வசதியாகவே இருக்கும்.

திரைச்சீலைக்கு யன்னலின் அகலத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரு மடங்கு துணி வேண்டும். காசை மிச்சம் பிடிப்பதற்காக யன்னல் அளவுக்கே வெட்டித் தைத்தால் அது காயப்போட்ட படுக்கை விரிப்பைப்போலத் தட்டையாகத் தொங்கும். மலிவு வேலை என்பதைக் காட்டிக்கொடுப்பது துணியின் விலையல்ல, இந்த மடிப்பின் பஞ்சம்தான். விலை குறைந்த துணியை இரு மடங்கு எடுப்பது விலை உயர்ந்த துணியைக் கஞ்சத்தனமாக எடுப்பதைவிட எப்போதும் மேலானது. பருத்தியானால் தைக்கக் கொடுக்குமுன் ஒருமுறை தோய்த்துக் காயவிட வேண்டும். தைத்த பின் சுருங்கினால் நிலத்துக்கு நான்கு விரல் மேலே நின்று, வளர்ந்த பிள்ளையின் பழைய காற்சட்டை மாதிரி ஆகிவிடும். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு இருக்கும் தையற்காரர்கள் நேரான தையலுக்கு நியாயமான கூலியே வாங்குகிறார்கள்.

குஷன் உறைக்கு ஒரு யோசனை சொல்லலாம். கிழக்கு மாகாணத்து மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள் கொழும்பிலும் கிடைக்கின்றன. மூட்டாத சாரம் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளம். குறுக்காக வெட்டினால் 16 அங்குலக் குஷனுக்கு நான்கு உறைகள் தேறும். கட்டங்களும் கோடுகளும் சாரத்திலேயே அளவாக அமைந்திருப்பதால் தையற்காரருக்கும் தலைவலி இல்லை. கைத்தறிக்குப் பெயர்போன பெரிய கடைகளின் உறைகள் அழகில் குறைந்தவையல்ல. கொள்ளுப்பிட்டி பெயார்பூட்டில் தொங்கும் நிறங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அவை வேறொரு வரவுசெலவுக்கு உரியவை, அவ்வளவுதான்.

வாங்கிய துணியைக் கடையிலேயே விரித்துப் பார்ப்பது அவசியம். ஒரு கடையில், பெயர் வேண்டாம், சுருளின் உட்பக்கத்தில் மடிப்போடு பழுப்புக் கறை ஓடியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. வெட்டிய துணியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நெரிசலில் விரித்துப் பார்க்க இடமில்லை என்பது உண்மை. இருந்தாலும் வெட்டுமுன் கேட்டுக்கொள்வதே வாங்குபவருக்கு உள்ள ஒரே காப்பு.

துணிக்கு அடுத்து, மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது வெளிச்சம். கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் கூரை நடுவே ஒரு குழல்விளக்கு, அதுவும் பச்சை நீலம் கலந்த வெள்ளையில், மருந்துக்கடை போல எரிந்துகொண்டிருக்கும். எல்ஈடி மின்குமிழ்ப் பெட்டியில் 6500கே என்று இருந்தால் அது இந்தக் குளிர்ந்த வெள்ளை. 2700கே அல்லது 3000கே என்றிருந்தால் மாலைக்கு ஏற்ற மஞ்சள். மின்சாரச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற 1ஆம் குறுக்குத் தெருவில் இரண்டும் ஒரே விலைக்குத்தான் விற்கப்படுகின்றன, ஆனால் கேட்காதவருக்குக் குளிர்ந்த வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்பதை வீட்டில் பார்த்துவிட்டே போகவேண்டும். நடைபாதையில் குவித்து விற்கப்படும் உத்தரவாதமற்ற குமிழ்கள் வேண்டாம். கடையில் வாங்கி, பெட்டியில் திகதியிட்டு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். கூரை விளக்கை அணைத்துவிட்டு அறையின் இரண்டு மூலைகளில் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் வெளிச்சம் வைத்தால் பழைய கதிரைகூட வேறு கதிரையாகத் தெரியும்.

அந்த மூலை விளக்குக்கு மூடி எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் நீத்துப்பெட்டி. பிட்டு அவிக்கப் பயன்படும் கூம்பு வடிவான அந்தப் பனையோலைப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நுனியை மெல்ல வெட்டி, ஹோல்டர் நுழையுமளவு துளைசெய்து, உள்ளே 3 வாட் எல்ஈடி குமிழைப் பொருத்தினால் போதும். ஓலைப் பின்னலின் இடுக்குகளால் வெளிச்சம் கசிந்து சுவரில் சாய்ந்த கட்டங்களாக விழும். அதைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்காத விருந்தினர் இல்லை. பழைய இழைக் குமிழை இதற்குள் போடவே கூடாது, அதன் சூட்டில் ஓலை கருகும். எல்ஈடியும் ஓலையைத் தொடாமல் நிற்கவேண்டும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திலும் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடைகளிலும் நீத்துப்பெட்டியோடு கடகம், சுளகு, குட்டான், பெட்டி எல்லாம் கிடைக்கும். கடகத்துக்குள் பூச்சாடியை இறக்கி வைக்கலாம். மூன்று அளவுச் சுளகுகளைச் சுவரில் சாய்த்து அடுக்கினால் ஆணி வேண்டாத ஓர் அலங்காரமாகும். அம்மா இதைக் கண்டு “புடைக்கிற சுளகைச் சுவருக்குக் கட்டுறதோ” என்று சிரித்தார்; போகும்போது தன் வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

இனி, வாங்க வேண்டாதவை. பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் பிளாஸ்டிக் பூக்கொத்து, செயற்கைப் புல் விரிப்பு, செங்கல் போலத் தோன்றும் ஒட்டும் நுரைப் பலகை, சுவர் ஸ்டிக்கர், தங்க முலாம் பூசிய கண்ணாடிச் சட்டம் என்று கடை கடையாகத் தொங்குகின்றன. புகைப்படத்தில் இவை நன்றாக இருக்கும். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் நாளடைவில் இவை என்ன ஆகும் என்பதே கேள்வி. நுரைப் பலகையின் பசை ஈரத்தில் இளகி மூலையிலிருந்து உரியத் தொடங்கும். முழுதாகக் கழற்றினால் சுவரின் பெயின்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். உறவினர் ஒருவர் வீடு மாறியபோது இதற்காகவே முற்பணத்தில் ஒரு பகுதியை இழந்தார். பிளாஸ்டிக் பூவில் படியும் தூசி எண்ணெய்ப்பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும், கழுவினால் நிறம் போகும். முலாம் பூசிய இரும்புச் சட்டங்கள் ரயில் பாதைப் பக்கத்து வீடுகளில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிசயம். ஒரு பிளாஸ்டிக் கொத்தின் விலைக்கு உயிருள்ள மணி பிளான்ட் கன்றுகள் இரண்டு மூன்று வாங்கலாம் என்னும்போது இதில் யோசிக்க எதுவுமில்லை.

கன்றுகளுக்குப் புறக்கோட்டை சரிவராது. அதற்குப் பத்தரமுல்லை, தியவன்னா ஓயாவின் கரையிலுள்ள தியத உயன. ஒரே வளாகத்தில் வரிசையாகக் கன்றுக் கடைகள் இருப்பதால் ஒரு கடையில் கேட்ட விலையை அடுத்த கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கேயும் நுழைவாயில் பக்கத்தில் பூத்துக் குலுங்கும் சாடிகளே முதலில் இழுக்கும். பூத்த நிலையில் வாங்கிய கன்று வீட்டுக்கு வந்ததும் பூவை உதிர்த்துவிட்டு அடுத்த பூவுக்கு நம்மைக் காத்திருக்க வைக்கும். பணம் குறைந்தவர்கள் இலைக்காக வளர்க்கும் கன்றுகளையே நாடவேண்டும். குரோட்டன், மருள், மணி பிளான்ட் ஆகியன ஆண்டு முழுதும் ஒரே மாதிரி நிற்கும், வெட்டி நட்டால் ஒன்று பலவாகும். மருளின் ஓர் இலையைத் துண்டாக்கி மண்ணில் ஊன்றினாலே வேர்விடும். ஆனால் ஓரத்தில் மஞ்சள் கோடு உள்ள வகை இலைத்துண்டிலிருந்து வளரும்போது அந்தக் கோட்டை இழந்து வெறும் பச்சையாகிவிடும், அதைப் பக்கக் கிழங்கோடு பிரித்துத்தான் நடவேண்டும். வெயிலும் உப்புக்காற்றும் அடிக்கும் மேற்குப் பக்கத்துப் பல்கனிக்குப் போகன்வில்லா தாங்கும். அந்தூரியமும் பன்னமும் நிழலை விரும்புபவை. கடற்பக்கத்தில் வைத்தால் ஓரம் கருகிவிடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

சாடியைப் பொறுத்தவரை மண்சாடியே என் தெரிவு. விலை குறைவு, மண்ணின் ஈரம் சுவர்வழியே ஆவியாவதால் வேர் அழுகுவதும் குறைவு. வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நன்றாகச் சுட்டது, பொத்தென்றால் வெடிப்புள்ளது அல்லது வேகாதது. வேகாத சாடி இரண்டு மழைக்குள் விளிம்பிலிருந்து செதிளாக உதிரும். சீமெந்துச் சாடிகள் நவநாகரிகமாகத் தோன்றினாலும் மண் நிறைத்தபின் தூக்க முடியாத பாரம். தொடர்மாடிப் பல்கனியில் அவற்றை வரிசையாக அடுக்குவது புத்திசாலித்தனமல்ல. மண்ணோடு தும்புத்தூளும் கூட்டெருவும் சம பங்காகக் கலந்தால் பாரமும் குறையும், தண்ணீரும் நிற்கும். கண்டி வீதியால் போகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. கேகாலைக்கு அண்மையில் மொலகொடையில் சட்டி பானைகளும், அதற்கு முன்பே வேவல்தெனியவில் பிரம்புச் சாமான்களும் வீதியோரத்திலேயே விற்கப்படுகின்றன. ஆனால் அதற்கென்றே வாகனம் பிடித்துப் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் பெற்றோலுக்குப் போய்விடும்.

சாடிக்கு அடியில் வைக்கும் தட்டத்தைப் பற்றி எந்த விற்பனையாளரும் எச்சரிப்பதில்லை. அதில் தேங்கும் தெளிந்த நீரே டெங்கு நுளம்புக்கு வேண்டியது. முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதல் காலம் போதும். போத்தலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வளர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது, பார்க்கவும் அழகுதான். ஆனால் வாரம் ஒருமுறையாவது தண்ணீரை முழுதாக ஊற்றிவிட்டுப் போத்தலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவாவிட்டால் அதுவும் நுளம்புப் பண்ணையே. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இது வழக்கு வரை போகக்கூடிய விடயம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் பூச்சாடிகளைத்தான். தட்டத்தில் மணல் நிரப்பிவிட்டால் நீர் தேங்காது, சாடியும் ஆடாது. மணலுக்குச் செலவு என்று சொல்லுமளவு எதுவுமில்லை.

சுவருக்குப் படம் வேண்டுமென்றால் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். 1993 இல் தொடங்கி அந்தப் பக்கத்திலேயே நடந்துவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தையில் தெரிவு இன்னும் அதிகம். யானை, சூரிய அஸ்தமனம், மீன்பிடி வள்ளம் என்று ஒரே அச்சில் வார்த்தவற்றை ஒதுக்கிவிட்டுத் தேடினால், மையினால் வரைந்த சிறிய தாள்கள் அடியில் இருக்கும். சட்டமில்லாமல் வாங்குங்கள்; விலையில் பாதி சட்டத்துக்குத்தான். ஆணி அடிக்க முடியாத என்போன்றவர்கள் அலுமாரி மேல் சாய்த்து வைத்தால் போதும்.

சுவர் வெள்ளையாகவே இருக்கிறதே என்று வருந்துவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் தனக்கென அமைத்துக்கொண்ட வீட்டில், வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி, வெள்ளைச் சுவர்களுக்கிடையே வானம் தெரியும் சிறிய முற்றங்களை வைத்தார். வெள்ளைச் சுவரும் ஒரு கன்றும் மேலிருந்து விழும் வெளிச்சமுமாக அங்குள்ள மூலைகள் பல அமைந்திருக்கின்றன. அவரிடமிருந்த பழம்பொருள்கள் நம்மிடம் இல்லை என்பது வேறு விடயம். வீட்டுக்காரரின் வெள்ளைச் சுவரைச் சிறையாக நினைத்து ஸ்டிக்கரால் மறைக்கத் தேவையில்லை என்பதற்கு அந்த வீடு போதும்.

என் கணக்கில் துணிக்கும் தையலுக்கும் பாதிக்குச் சற்று மேலாகவும், கன்றுக்கும் சாடிக்கும் கால்வாசியாகவும் போயிற்று. ஓலைச் சாமான், விளக்கு, ஒரு சிறு ஓவியம் எல்லாம் மீதியில் அடங்கின. புறக்கோட்டைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் துணிக்கும் விளக்குக்கும் ஐந்துக்கு நான்கரை, ‘அலங்காரப் பொருள்’ கடைகளுக்கு ஒன்று. நடக்க இடமில்லாத நடைபாதைக்கும் தலையில் மூட்டையோடு பின்னாலிருந்து வரும் சுமைதூக்கும் நாட்டாமைகளின் “விலகு, விலகு” சத்தத்துக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை. மொத்த வியாபாரத் தெருவுக்குள் சில்லறைக்குப் போகிற நாம்தான் வழிவிட வேண்டியவர்கள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காக 2ஆம் குறுக்குத் தெருவில் பல கடைகள் அடைக்கப்படும். வார நாளில் காலை பத்து மணியளவில் போனால் துணியை விரித்துப் பார்க்க இடமும் கடைக்காரருக்குப் பேச நேரமும் இருக்கும். காலி வீதியிலிருந்து 100, 101ஆம் இலக்க பஸ்கள் நேரே புறக்கோட்டைக்குப் போகின்றன, திரும்பும்போது துணிச்சுருளோடு அவற்றில் ஏறுவதைவிடக் கோட்டை நிலையத்தில் கரையோர ரயிலைப் பிடிப்பது எளிது, மாலை அலுவலகக் கூட்டம் தொடங்குமுன். மண்சாடிகளை மட்டும் ஓட்டோவில் கொண்டுவாருங்கள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல், இடையில் பழைய பத்திரிகைத் தாள் வைத்து.